ஏழாம் தலைமுறைக்கு மூடிய கதவு

விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. சொறிக்கல்முனை முதல் மருதமுனை வரை நம் மேசைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கொம்பியூட்டர்களை என்ன செய்வது?

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைப் பக்கமாகப் போய்க் கிட்டங்கியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம். சவளக்கடை, அன்னமலை, திருச்சிலுவைத் திருத்தலத்தால் பேர்பெற்ற சொறிக்கல்முனை என்று வயலும் ஊரும் மாறிமாறி வரும். இந்தப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர் குழப்படி செய்தால், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கல்முனைக்குத்தான் போகவேண்டும். மாரியில் கிட்டங்கி வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்களில் அந்த வழியும் அடைபடும். பழைய மெஷினுக்குப் புது விண்டோஸ் போடுவதா, இருக்கிறபடியே விடுவதா என்ற முடிவை கொழும்பில் இருப்பவர் விளையாட்டாக எடுக்கலாம். இங்கே அது பிழைத்துப்போனால் திருத்தத் தெரிந்தவர் அக்கரையில் இருப்பார்.

கல்முனைக் கடைகளில் இப்போது நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“காக்கா, இதுக்கு விண்டோஸ் பதினொண்டு அடிக்கலாமா?”

“ஏலா தம்பி. இது ஏழாம் ஜெனரேஷன்.”

“நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும். ஆனா அவன் எடுக்கமாட்டான்.”

அந்த ‘அவன்’ மைக்ரோசொப்ட்.

நம் பகுதிக்கு லெப்டொப்புகள் வந்த வழியைப் பார்த்தால், இந்த ‘ஏலா’ ஏன் இத்தனை பேருக்குக் கேட்கிறது என்பது விளங்கும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு என்றார்கள். புதியது வாங்க இயலாதவர்கள் பாவித்த லெப்டொப் தேடினார்கள். கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்த வாப்பாமார், அண்ணன்மார் விடுமுறைக்கு வரும்போது அங்கே கம்பனிகள் கழித்துவிட்ட மெஷின்களைக் கொண்டுவந்தார்கள். 2022-இல் ரூபாய் சரிந்தது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. புது லெப்டொப் என்ற எண்ணத்தையே பல குடும்பங்கள் அத்துடன் கைவிட்டன. ஆக, இன்று வீடுகளில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறைக்காரர்; அதற்கும் மூத்தவையும் உண்டு. விண்டோஸ் 11 கோடு போட்டிருப்பது சரியாக எட்டாம் தலைமுறையில்.

2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது அதற்குரிய தகுதிகளையும் மைக்ரோசொப்ட் சொல்லிவிட்டது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் கேட்டது. அது பெரிய கேள்வியில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்கியூர் பூட் வேண்டும், புரொசசர் அவர்களின் பட்டியலில் இருக்கவேண்டும். சில்லுக்கு ஓரளவு நியாயம் உண்டு. கடவுச்சொல்லுக்கும் வட்டை மறைகுறியாக்கவும் வேண்டிய சாவிகளை அது வைரஸ் எட்டாத தனி இடத்தில் பூட்டிவைக்கிறது. புரொசசர் பட்டியலின் நியாயம்தான் எனக்கு அவ்வளவு தெளிவில்லை. ஏழாம் தலைமுறை மெஷின்கள் பலவற்றில் டி.பி.எம். 2.0 இருக்கிறது, பயோஸில் போய்த் திறந்துவிட்டால் வேலையும் செய்யும். அப்படியிருந்தும் வெளியேதான். மைக்ரோசொப்ட்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற விலையுயர்ந்த மெஷினில் ஏழாம் தலைமுறைச் சில்லு இருந்தது; பிறகு அந்தச் சில்லுக்கு விலக்குக் கொடுத்தார்கள். சொந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டம்.

ஒக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10 நின்றுவிடவில்லை. அடுத்த நாளும் வழமைபோல் திறந்தது, இன்றும் திறக்கிறது. நின்றது, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தோறும் வந்துகொண்டிருந்த ஓட்டை அடைப்பு. புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் விண்டோஸ் 11-க்கு மருந்து வரும். இரண்டும் உள்ளுக்குள் பெருமளவு ஒரே நிரல் என்பதால், அந்த மருந்தைப் பிரித்துப் பார்ப்பவனுக்கு விண்டோஸ் 10-இல் எங்கே இடிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

“என்ட கொம்பியூட்டர்ல என்ன இரிக்கி, எடுக்கிறதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நாட்டின் அரசாங்கமே ஏறக்குறைய அதே மெத்தனத்தில் இருந்து அடிவாங்கிய கதை அவர்களுக்குத் தெரியவேண்டும்.

கொழும்பில் தொலைந்த கடிதங்கள்

2023 ஓகஸ்ட் 26, சனிக்கிழமை. அரசாங்கத் திணைக்களங்களின் மின்னஞ்சல்கள் ஓடும் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அமைப்பை ரான்சம்வெயார் தாக்கியது. அரசின் சொந்த மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் இருந்தன. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் இந்த வகைத் தாக்குதலில் கைகொடுப்பது பிரதி ஒன்றுதான். பிரதியும் இருந்தது. ஆனால் அதுவும் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த தனிப் பிரதி எதுவுமே இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலான அரசாங்கக் கடிதப் போக்குவரத்து போனது போனதுதான்.

பிறகு தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்ன விளக்கத்தைத்தான் நாம் கவனிக்கவேண்டும். அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. புதிய பதிப்புக்கு மாறவேண்டும் என்று 2021-இலேயே திட்டம் இருந்ததாம். பணமில்லை என்றும், முன்னைய நிர்வாக சபையின் சில தீர்மானங்கள் என்றும் அது தள்ளிப்போனதாம். எக்ஸ்சேஞ்ச் 2013-க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது 2023 ஏப்ரல் 11. நான்கரை மாதத்தில் கதவை உடைத்துவிட்டார்கள்.

“காசில்லை, இப்போதைக்கு ஓடட்டும்” என்பது நம் ஊரிலும் சொல்லும் வார்த்தைதான். அதற்காக யாரையும் குறை சொல்லமுடியாது; 2021, 2022-இல் இந்த நாட்டில் யாரிடம் காசிருந்தது? ஆனால் பதிப்பை மாற்றத்தான் பெருங்காசு வேண்டும். வெளியே கழற்றி வைக்கும் ஒரு பிரதிக்கு அவ்வளவு வேண்டாம். அந்த இரண்டாவதும் இல்லாமல் போனதைத்தான் என்னால் மன்னிக்கமுடியவில்லை.

யாருடைய தாள்கள்?

மெஷின் புது விண்டோஸைத் தாங்குமா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மெஷினுக்குள் யாருடைய தாள்கள் கிடக்கின்றன என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நம் பக்கத்துக் ‘கொமினிகேஷன்’ கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோக்கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், ரீலோட் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வெளிநாட்டுக்குப் போகிறவரின் பாஸ்போர்ட் ஸ்கேன், அடையாள அட்டையின் இரு பக்கங்கள், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் பிரதி, ஏ.எல். பெறுபேறு, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம். எல்லாம் வட்ஸ்அப் வழியாக வந்து ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் இறங்கும். பிரிண்ட் எடுத்தபின் அழிக்கும் கடைகள் மிகக் குறைவு. வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பேரின் பென் டிரைவ் அதே மெஷினில் ஏறி இறங்கும். ஒருவரின் வைரஸ் அடுத்தவரின் பள்ளிக்கூடத்துக்கு அல்லது கந்தோருக்குப் போகும். இப்படிப்பட்ட மெஷின் ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தில், அதுவும் இணையத்தோடு, ஒரு நாள்கூட ஓடக்கூடாது. கடைக்காரர் தன் பொருளை வைத்து ஆபத்தைத் தேடினால் அது அவர் பாடு. இது ஊராருடைய பொருள்.

பள்ளிக்கூட அலுவலகக் கொம்பியூட்டரும் பள்ளிவாசல், கோயில், தேவாலயச் சபைகளின் கணக்குப் பார்க்கும் கொம்பியூட்டரும் அதே வகைதான். பிள்ளைகளின் விபரமும் சந்தாக் கணக்கும் அவற்றில் இருக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நெல் ஆலையில் தராசோடு இணைத்துவைத்த ஒரு மெஷின், அச்சகத்தில் பேஜ்மேக்கர் 7-இல் கலியாணக் காட் அடிக்கும் ஒரு மெஷின். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதை நம்பிப் பிழைக்கும் அச்சகத்துக்குப் போய் “விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்” என்று உபதேசம் செய்வது வீண் வேலை. இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், வைஃபையை அணையுங்கள், கோப்பு கொண்டுவரும் பென் டிரைவை வேறொரு மெஷினில் ஸ்கேன் செய்த பிறகு செருகுங்கள். அது விண்டோஸ் 7-ஆக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்டேட்டை அணைத்துவைத்த ஊர்

இன்னொரு உண்மையையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். நம் பகுதியில் பல விண்டோஸ் 10 மெஷின்கள் 2025-க்கு வெகு முன்பே ஆதரவில்லாமல்தான் ஓடின. டேட்டா கரைகிறது என்று விண்டோஸ் போடும்போதே அப்டேட்டை நிறுத்தித் தருவது கடைக்காரரின் ஒரு ‘சேவை’. வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்பார்.

2017 மே 12-ஆம் திகதி வானாகிரை என்ற தாக்குதல் ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கொம்பியூட்டர்களைப் பிடித்தது. பிரித்தானிய அரச மருத்துவமனைகள் சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தன. பழி முழுவதும் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் தலையில் விழுந்தது. எண்ணிப் பார்த்தபோது, பிடிபட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7. அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தும் இரண்டு மாதத்துக்கு முன், மார்ச் 14-இலேயே வந்துவிட்டது. போடவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டு அப்டேட்டை அணைத்துவைக்கப் போகிறவர் மாறாமலே இருக்கலாம், செலவாவது மிஞ்சும்.

களவு விண்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அக்டிவேட் செய்யத் தரும் அந்தச் சின்ன நிரலை ஓட்ட முன்னர் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்களே, அது ஏன் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டின் தரத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

இருக்கும் வழிகள்

மெஷின் தகுதியானது என்றால் யோசிக்க அதிகமில்லை. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் பி.சி. ஹெல்த் செக் என்ற நிரலை ஓட்டினால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். இல்லை என்று வந்தாலும் உடனே மனம்விடவேண்டாம்; எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட மெஷின்களில்கூட பயோஸில் டி.பி.எம். அணைந்து கிடந்தால் அப்படித்தான் காட்டும். முறையான விண்டோஸ் 10 இருந்தால் மாறுவதற்குக் காசில்லை.

தகுதியில்லாத மெஷினுக்கு மைக்ரோசொப்ட் ஒரு தவணை கொடுத்திருக்கிறது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று அதற்குப் பெயர். வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை செல்லும் என்று அறிவித்தார்கள். விலை 30 டொலர், நம் காசில் சுமார் 9000 ரூபாய். மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து, கொம்பியூட்டரின் அமைப்புகளை அவர்களின் கிளவுட்டில் சேமிக்கச் சம்மதித்தால் அந்தக் காசும் வேண்டாம். மெஷினில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு அனுமதி பத்து மெஷின்களுக்குச் செல்லும். கல்வி நிறுவனங்களுக்கு இன்னும் மலிவு: ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 1 டொலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தைக் கழித்துக்கட்ட நினைக்கும் அதிபர்மார் வலயக் கல்வி அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐப் பலவந்தமாகப் போடவும் வழி இருக்கிறது. கடைகளில் செய்து தருகிறார்கள். ஓடும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தில் மறுபடி கடைக்குப் போகவேண்டி வரும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு கோர் 2 டுவோ காலத்து மெஷின்களில் திறக்கவே திறக்காது. பக்கத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருக்கும் வீட்டுக்கு இது பரவாயில்லை. கிட்டங்கிக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வேண்டாம் என்பேன்.

நான் அதிகம் சிபாரிசு செய்வது லினக்ஸ் மின்ட். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளம். 2024-இல் வந்த அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, காசும் இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி: ஹார்ட் டிஸ்கில் கைவைக்காமல் வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்து, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். பிரிண்ட்டை நம்பிப் பிழைக்கும் கொமினிகேஷன் கடை இதை முதலில் சோதித்தாக வேண்டும்.

“பிள்ளைகளுக்கு விண்டோஸ் தெரியாமல் போய்விடும்” என்ற பயம் ஆசிரியர்களிடம் இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் கேரளத்தில் அரசுப் பள்ளிக்கூடங்கள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே லினக்ஸுக்கு மாறிவிட்டன. கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை மாநிலம் முழுவதையும் அடுத்த பதிப்புக்கு ஏற்றுகிறது. அங்கே படித்த பிள்ளைகள் வேலைக்குப் போன இடத்தில் விண்டோஸ் தெரியாமல் திகைத்து நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

தமிழ் எழுத்து என்னாகும்?

விண்டோஸ் மாற்றியபின் நம்மவர்கள் பதறிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் இதற்குத்தான். “எல்லாம் இங்கிலிஸ் எழுத்தா இரிக்கி.” பயப்பட ஒன்றுமில்லை. பாமினியில் அடித்த கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துக்களாகவே சேமிக்கப்படுகிறது. பாமினி எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. புது இயங்குதளத்தில் எழுத்துருவை மறுபடி நிறுவினால் கடிதம் திரும்பி வரும். லினக்ஸிலும் அப்படியே. ஆகவே போமட் அடிக்க முன்னர், விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. இதை மறந்துவிட்டு ஊர் முழுவதும் ஒரு எழுத்துருவைத் தேடித் திரியும் அச்சகக்காரர்கள் இருக்கிறார்கள்.

யூனிகோட் கோப்புகளுக்கு வேறு சிக்கல். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான லதா எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. தமிழுக்கான மேலதிக எழுத்துருக்கள் என்ற விருப்பத் தெரிவில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்; செட்டிங்ஸில் போய்ச் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் நிர்மலா எழுத்துரு அந்த இடத்தில் வந்து, பக்கம் பிரிந்த இடமெல்லாம் மாறி, படிவத்தின் கட்டங்களுக்கு வெளியே எழுத்துத் தள்ளும். இலங்கையில் நியமமாக்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகியவர்களுக்கு லினக்ஸில் அந்த விசையமைப்பு ஏற்கனவே இருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

போமட் அடிக்க முன்

முதலில் பிரதி. 2023-இல் அரசாங்கத்துக்கு இல்லாமல் போன அதே பிரதி: வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றி, வேறு இடத்தில் வைப்பது. வெள்ளம் வரும் வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில். அந்தப் பிரதியைத் திறந்தும் பார்க்கவேண்டும். திறக்காத பிரதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பிறகு ஹார்ட் டிஸ்க். “மெஷின் செத்துப்போச்சு, இனி மாத்தத்தான் வேணும்” என்று கொண்டுவரப்படுபவற்றில் பலவற்றுக்குச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டாலே போதும். புது விண்டோஸால் வரும் வேகத்தைவிட இதனால் வரும் வேகம் பல மடங்கு. கழற்றிய பழைய டிஸ்கை அப்படியே எடுத்துவைத்தால் அதுவே ஒரு பிரதியும் ஆகும். செலவு செய்ய ஒரே ஒரு தரம்தான் காசிருக்கிறது என்றால் அதை இதில் போடுங்கள்.

டெஸ்க்டொப் என்றால் யு.பி.எஸ். இல்லாமல் இயங்குதளத்தை மாற்றத் தொடங்கவேண்டாம். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு இலங்கையையும் இருட்டாக்கிய நாடு இது. அப்டேட் பாதியில் நின்றால் குரங்கு வந்து திருத்தித் தராது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. தோஹாவிலோ ரியாத்திலோ இருக்கும் தம்பி “நல்ல லெப்டொப் ஒண்டு இரிக்கி, கொண்டு வரட்டா?” என்று கேட்டால், கோர் ஐ5 என்று சொல்வதை மட்டும் கேட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் வில்லையில் முழு எண் இராது. செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கத்தைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐ5 என்பதற்குப் பிறகு கோடு போட்டு வரும் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். 7200 என்றால் ஏழாம் தலைமுறை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விண்டோஸ் 11 அதற்கு இல்லை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, வாங்கலாம். 10210 என்றால் பத்தாம் தலைமுறை, பேரம் பேசியாவது அதை எடுக்கச் சொல்லுங்கள்.